தேநீர் அருந்த வாருங்கள்

நம் ஊரில், வீட்டிற்கு வந்தவரைப் பார்த்து, "காப்பி சாப்பிடுங்கள்" என்கிறோம். வெறுங்காப்பியோடு அவரை அனுப்பிவிட்டால் அது உபசாரம் ஆகாது என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். காப்பி என்ற அந்த ஒரு சொல்லுக்குள் இட்டலியும் அடங்கும், வடையும் அடங்கும், ஒரு நாழிகைப் பேச்சும் அடங்கும். தென் சீனத்தில் குவாங்டுங் மாநிலத்து மக்களும், அவர்களுடைய கான்டனீய மொழியைப் பேசும் ஹாங்காங் மக்களும் இதே வழக்கம் உடையவர்கள். நண்பரைப் பகலுணவுக்கு அழைக்கும்போது அவர்கள், "யம் சா போகலாம்" என்பர். யம் என்றால் அருந்துதல். சா என்றால் தேநீர். அழைப்பில் உணவின் பெயரே இராது. ஆனால், அழைப்பை ஏற்றுச் சென்றவர்கள் இரண்டு மணி நேரம் கழித்து எழும்போது, மேசைமேல் பத்துப் பன்னிரண்டு மூங்கிற் கூடைகள் வெறுமையாகக் கிடக்கும். அக்கூடைகளில் வந்த சிற்றுண்டிகளுக்கு டிம் சம் என்பது பொதுப் பெயர். எழுத்துக்கு எழுத்துப் பொருள் கொண்டால் 'நெஞ்சைத் தொடுவது' என்று ஆகும். வயிற்றை நிரப்புவது என்று அவர்கள் பெயர் வைக்கவில்லை.

சா என்ற சொல் நமக்கு முற்றிலும் புதியது அன்று. மலையாளத்தார் சாயா என்கின்றனர். வடநாட்டார் சாய் என்கின்றனர். அவை அனைத்தும் இச்சொல்லின் வழி வந்தவையே. நாமோ தேயிலை என்கிறோம். அது ஏன்? சீனத்தில் எழுத்து ஒன்றாக இருப்பினும் ஒலிப்பு இடத்துக்கு இடம் மாறும். தேநீரைக் குறிக்கும் அதே எழுத்தை ஃபூச்சியன் கடற்கரை மக்கள் 'தே' என்று ஒலிப்பர். டச்சு வணிகர் அவர்களிடம் சரக்கு வாங்கியதால் அச்சொல்லையும் உடன் கொண்டு போயினர். அதுவே ஆங்கிலத்தில் டீ ஆயிற்று. தமிழில் இலையோடு சேர்ந்து தேயிலை ஆயிற்று. ஆகவே, தேயிலை என்று நாம் சொல்லும்போதெல்லாம் சொல்லின் முதற்பாதி சீனத்தின் கடற்கரையிலிருந்து வந்ததே.

ஹாங்காங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணி. தேநீரகத்தின் பெருங்கூடத்தில் வட்ட மேசைகள் நெருக்கமாக இடப்பட்டிருக்கின்றன. அமர்ந்தவுடன் பரிசாரகர் கேட்கும் முதற் கேள்வி, "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்பது அன்று. "எந்தத் தேநீர்?" என்பதே. யுன்னான் மலைப்பகுதியில் விளைந்து, நாள்பட வைத்துப் பதப்படுத்திய போ லே என்னும் கருநிறத் தேநீரைப் பலர் விரும்புவர். கொழுப்புள்ள உணவுக்கு அது ஏற்றது என்பது அவர்கள் கருத்து. மல்லிகை மணம் ஏற்றிய தேநீர் உண்டு. உலர்ந்த செவ்வந்திப் பூ கலந்த தேநீரும் உண்டு. பாலும் சருக்கரையும் கேட்போமானால் பரிசாரகர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

கெண்டி வந்ததும் பலர் முதலில் அதைக் குடிப்பதில்லை. முதல் ஊற்றலால் கிண்ணங்களையும் குச்சிகளையும் கழுவி, அந்நீரை ஒரு பெரிய கிண்ணத்தில் கொட்டிவிடுகின்றனர். பிறகு முறை தொடங்கும். தனக்கு முதலில் ஊற்றிக் கொள்வது பெரும் பிழை. மூத்தவருக்கு முதலில், பிறருக்கு அடுத்து, தனக்கு இறுதியில். ஊற்றப் பெற்றவர் வாய்திறந்து நன்றி சொல்ல வேண்டுவதில்லை. இரண்டு விரல்களை மடக்கி மேசைமேல் மெல்லத் தட்டினால் போதும். இதற்கு ஒரு செவிவழிக் கதை சொல்வர். 1735 முதல் 1796 வரை ஆண்ட சியான்லோங் பேரரசர் மாறுவேடத்தில் தென்னாடு சென்றபோது, ஒரு கடையில் தம் பணியாளுக்குத் தாமே தேநீர் ஊற்றினாராம். பணியாள் எழுந்து மண்டியிட்டு வணங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும், வணங்காதிருந்தால் குற்றம். அவன் விரல்களை மடக்கி, அவற்றையே முழங்கால்களாக்கி மேசைமேல் வணங்கினானாம். கதை மெய்யோ பொய்யோ, பேச்சு இடையறாமல் நன்றி சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கெண்டியில் நீர் தீர்ந்துவிட்டால் கூவி அழைக்கவும் வேண்டா. மூடியைச் சற்றே திறந்து சாய்த்து வைத்தால் பரிசாரகர் வந்து வெந்நீர் நிரப்பிச் செல்வார்.

இனிக் கூடைகளைத் திறப்போம். டிம் சம் வகைகள் மிகப் பல. அவற்றையெல்லாம் சொல்லப் புகுந்தால் நேரம் போதாது. ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஹா காவ் என்பது இறாலை உள்ளே வைத்து ஆவியில் வேகவைத்த ஒரு வகைக் கொழுக்கட்டை. ஒரு தேநீரகத்தின் தரத்தை இதைக் கொண்டே அளப்பர். இதன் தோல் கண்ணாடி போன்றது. உள்ளே இறாலின் இளஞ்சிவப்பு நிறம் வெளியே தெரியும். அரிசி மாவினால் இது வராது. நாம் சப்பாத்தி இடும் கோதுமை மாவினாலும் வராது. திருநெல்வேலி அல்வாச் செய்வோர் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுப்பதை நீங்கள் அறிவீர்கள். மாவின் ஒட்டும் பொருளைப் பிரித்துவிட்டு, அத்தகைய பாலில் அடியில் படியும் வெண்ணிற மாச்சத்தை உலர்த்திப் பொடியாக்கியதே ஹா காவின் மாவு. அதனுடன் சிறிது மரவள்ளி மாவும் சேர்ப்பர்.

ஒட்டும் பொருள் நீங்கிய மாவு தண்ணீரில் பிசைந்தால் சேராது, உதிர்ந்துபோகும். ஆகவே, கொதிக்கும் நீரை அதன்மேல் ஊற்றிக் கிளறுகின்றனர். கொழுக்கட்டை மாவுக்கு நம் வீட்டுப் பெண்கள் செய்வதும் இதுவே. வெந்நீர் பட்டதும் மாச்சத்துப் பாதி வெந்து தானே பசையாகிறது. பின்னர் அதைக் குழவியால் இடுவதில்லை. எண்ணெய் தடவிய அகன்ற கத்தியின் பக்கவாட்டால் சிறு உருண்டையை அழுத்தி ஒரு சுழற்றுச் சுழற்றினால் மெல்லிய வட்டம் கிடைக்கிறது. அதில் இறாலும் நறுக்கிய மூங்கிற் குருத்தும் வைத்து, ஒரு பக்கத்தை மட்டும் மடிப்பு மடிப்பாகக் கொசுவி மூடுகின்றனர். ஏழு மடிப்புக்குக் குறையலாகாது என்பர். பத்துக்கு மேல் வைப்பவனே கைதேர்ந்தவன். ஐந்து நிமிட ஆவியில் வெண்தோல் கண்ணாடியாகிவிடும். சற்று நேரம் கூடினால் தோல் கிழியும், ஆறிப்போனால் தடித்துவிடும். பல ஆண்டுப் பயிற்சியின் பயன் நிலைப்பது சில நிமிடமே.

மூங்கிற் கூடையில் வேகவைப்பதற்கும் காரணம் உண்டு. உலோக மூடியில் ஆவி நீராகிப் பண்டத்தின்மேல் சொட்டும். மூங்கில் மூடி அந்நீரைத் தான் உறிஞ்சிக்கொள்கிறது.

மற்றவற்றில், வாய் திறந்த சிறு குடம் போன்ற சியு மாய் பன்றியிறைச்சியும் இறாலும் கலந்தது. சா சியு பாவ் என்னும் வெண்ணிற அப்பத்தின் உச்சி வெந்ததும் பூப்போல் வெடித்து, உள்ளிருக்கும் இனிப்பு இறைச்சியைச் சற்றே காட்டும். தாமரை இலையில் பொதிந்த ஒட்டரிசிச் சோற்றைப் பிரிக்கும்போது எழும் மணம், வாழையிலைப் பொட்டலச் சோற்றை நமக்கு நினைவூட்டும். கோழிக்கால் நகங்களைப் பொரித்து, நீரில் ஊறவைத்து, மீண்டும் சமைத்து, 'ஃபீனிக்ஸ் பறவையின் நகம்' என்று பெயரிட்டுக் கொடுப்பர். அதை முதன்முறை காண்பவர் தயங்குவர். அவர்களை நான் குறைகூற மாட்டேன். இனிப்பாக வரும் பழுப்பு நிற ஆவியப்பத்துக்கு மா லாய் கோ, அதாவது மலாய் அப்பம், என்று பெயர்.

சைவ உணவினர்க்கு ஓர் எச்சரிக்கை: முள்ளங்கி அப்பம் என்று கேட்டு மகிழ வேண்டா, அதற்குள்ளும் உலர்ந்த இறாலும் இறைச்சித் துண்டும் ஒளிந்திருக்கும். பன்றியிறைச்சி உண்ணாத முஸ்லிம்களுக்கு வான் சாய் பகுதியிலுள்ள அம்மார் பள்ளிவாசல் கட்டடத்திலேயே ஓர் உணவகம் உண்டு. அங்கே ஹலால் முறையில் டிம் சம் கிடைக்கிறது. ஹாங்காங்கில் வாழும் தமிழ் முஸ்லிம்களும் சீன முஸ்லிம்களும் அங்கே அருகருகே அமர்ந்து உண்ணலாம்.

ஒரு கூடையில் மூன்றோ நான்கோ உருப்படிகளே இருக்கும். மேசையில் ஐவர் இருந்தால் என்ன செய்வது? இன்னொரு கூடை வரவழைக்கலாம். அல்லது ஒருவர், "எனக்குப் போதும்" என்று சொல்ல வேண்டும். அந்தக் கடைசி உருப்படியைப் பாட்டியார் பேரனின் கிண்ணத்தில் வைக்க, பேரன் அதை எடுத்துத் தாத்தாவின் கிண்ணத்தில் வைக்க, அது ஆறிப்போகும்வரை மேசையைச் சுற்றிவருவதும் உண்டு. தனித்தனித் தட்டில் தனித்தனியே சோறு வந்தால் இது நிகழாது.

தனியே வருவோரும் உளர். 'ஒரு குவளை, இரண்டு உருப்படி' என்பது பழைய வழக்கு. ஒரு குவளைத் தேநீரும் இரண்டு சிற்றுண்டியும் வாங்கிக்கொண்டு, செய்தித்தாளை விரித்து, முற்பகல் முழுதும் முதியவர் ஒருவர் அமர்ந்திருப்பார். முன்பெல்லாம் சிலர் தாம் வளர்க்கும் பாடும் பறவையையும் கூண்டோடு கொண்டுவந்து அருகில் தொங்கவிடுவர். இடம் இல்லையென்றால் முன்பின் அறியாதவர் மேசையிலும் அமரலாம்; அது பிழையன்று.

பழைய தேநீரகங்களில் சிற்றுண்டிகளை அடுக்கிய தள்ளுவண்டிகளைப் பெண்கள் மேசைகளுக்கிடையே தள்ளிக்கொண்டு, பண்டங்களின் பெயரைக் கூவிச் செல்வர். வேண்டியதை எடுத்ததும் மேசைமேல் உள்ள அட்டையில் ஒரு முத்திரை குத்துவர். சிறியது, நடுத்தரம், பெரியது, சிறப்பு என்று விலை வகுக்கப்பட்டிருக்கும். இன்று பெரும்பாலான இடங்களில் வண்டி போய்விட்டது. அச்சிட்ட தாளில் பென்சிலால் குறியிட்டுக் கொடுக்கிறோம். இதனால் பண்டம் சூடாக வருகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பெயர் தெரியாத பண்டத்தை விரலால் சுட்டிக் காட்டி வாங்கும் உரிமை குழந்தைகளுக்கும் அயல்நாட்டார்க்கும் இல்லாமற்போயிற்று. வெலிங்டன் தெருவில் வண்டிகளோடு நடந்துவந்த லின் ஹியுங் தேநீரகம் 2022இல் மூடப்பட்டபோது பலர் வருந்தினர். 2024இல் அது மீண்டும் திறக்கப்பட்டது, வண்டிகளும் திரும்பின.

அம்மக்கள் ஒரு தேநீரகத்துக்காக ஏன் இவ்வளவு வருந்த வேண்டும்? அவர்களுடைய வீடுகளைப் பார்த்தால் விடை கிடைக்கும். 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஹாங்காங்கில் ஆள் ஒருவருக்கு உள்ள வீட்டுப் பரப்பின் இடைநிலை அளவு 16 சதுர மீட்டர். அப்படிப்பட்ட வீட்டில் பத்துப் பேர் அமரும் வட்ட மேசைக்கு இடம் ஏது? மணமாகிப் பிரிந்து சென்ற மக்களும் மருமக்களும் பேரக் குழந்தைகளும் பெற்றோரைக் காண வந்தால் எல்லாரும் ஒருங்கே உட்கார அங்கே கூடம் இல்லை. தேநீரகமே அவர்களுடைய கூடம். நம்முடைய பழைய வீடுகளில் முற்றமும் திண்ணையும் செய்த வேலையை அங்கே வாடகைக்கு எடுத்த ஒரு மேசை செய்கிறது. அவர்கள் இரண்டு மணி நேரம் எழாமல் இருப்பதன் காரணம் இதுவே.

இதை நன்கு உணர்த்திய காலம் ஒன்று அண்மையில் வந்தது. 2020 மார்ச்சு இறுதியில், கொரோனா நோய் பரவாமலிருக்க, உணவகங்களில் ஒரு மேசைக்கு நால்வர்க்கு மேல் அமரலாகாது என்று ஹாங்காங்கில் ஆணை பிறந்தது. மூன்று தலைமுறையும் கூடும் வட்ட மேசை துண்டுபட்டது. அவ்வாண்டு ஜூலை 29 அன்று, உணவகத்துள் அமர்ந்து உண்பதே நாள் முழுதும் தடை செய்யப்பட்டது. வெளியில் வேலை செய்வோர், உணவுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு நடைபாதை ஓரத்தில் வெயிலிலும் மழையிலும் அமர்ந்து உண்டனர். அக்காட்சியைக் கண்டு மக்கள் மனம் கொதித்தனர். இரண்டே நாளில் அரசு தன் ஆணையைத் தளர்த்தி, ஜூலை 31 முதல் பகல் வேளையில் மட்டும் மீண்டும் இடமளித்தது. 2022 பிப்ரவரியிலோ மேசைக்கு இருவர் என்ற நிலைக்கே வந்தது. நோயை அஞ்சி எடுத்த நடவடிக்கை தேவையா, மிகையா என்று இங்கே நான் வழக்காட வரவில்லை. டிம் சம்மைப் பொட்டலமாகக் கட்டி வாங்கிச் செல்ல அப்போதும் தடை இருந்ததில்லை. சுவை அதேதான், மாவும் இறாலும் அவையேதான். ஆனால் பொட்டலத்தை அவிழ்த்துத் தனியே உண்டவர் எவரும், தாம் யம் சா சென்றுவந்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

கட்டுப்பாடுகள் நீங்கிய பின்பு மேசைகள் மீண்டும் நிறைந்தன. பரிமாறுவதற்கென்றே தனியாக ஒரு குச்சி இணை இப்போது பல மேசைகளில் இருக்கிறது. 2003இல் சார்ஸ் நோய் வந்தபோது பரவிய வழக்கம் அது. பெரியவர்கள் சிலர் அதை மறந்து தம் குச்சியாலேயே பேரனுக்கு எடுத்து வைப்பதும், மருமகள் கண்ணால் குறிப்புக் காட்டுவதும் நடக்கின்றன.

இறுதியில் பணம் கொடுக்கும் நேரம் வரும். அமைதியாகத் தேநீர் ஊற்றி, விரல் தட்டி, கடைசி உருப்படியை விட்டுக்கொடுத்த அதே மக்கள் இப்போது சண்டைக்கு எழுவர். முத்திரை குத்திய அட்டையை ஒருவர் பறிப்பார். மற்றொருவர் அவர் கையைப் பிடித்துத் தடுப்பார். சிறிய தந்தையார் யாருக்கும் தெரியாமல் முன்னரே கல்லாவில் பணத்தைக் கட்டிவிட்டு வந்து ஒன்றுமறியாதவர் போல் அமர்ந்திருப்பார். அது தெரிந்ததும் அனைவரும் அவரைக் கடிந்துகொள்வர். "அடுத்த வாரம் நான்தான்" என்று மூத்த தமையன் உரக்கச் சொல்ல, மூடி சாய்ந்த கெண்டியில் இன்னும் வெந்நீர் ஊற்ற வேண்டுமா என்று அறியாமல் பரிசாரகர் அருகில் நின்றுகொண்டிருப்பார்.