பொருத்தம் பார்த்து மாற்றுவோம்

(சங்கக் காரியாலயங்களில் கணினி வேலை பார்க்கும் தோழர்களின் பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)



நம் காரியாலயங்களில் உள்ள கணினிகள் பெரும்பாலும் பழையவை. அவற்றில் லினக்ஸ் ஓடுகிறது. சந்தாக் கணக்கும், பிராவிடண்ட் பண்டு மனுக்களும், கூலி வழக்குக் காகிதங்களும் அவற்றில்தான் இருக்கின்றன. இப்போது ஒரு தோழர், "2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்துவிட்டது, அதற்கு மாறுவோம்" என்கிறார். இன்னொருவர், "உபுண்டு போடுவோம்" என்கிறார். ஆர்வம் நல்லதுதான். ஆனால் நம் இயந்திரம் அதை ஏற்குமா என்று யாரும் கேட்கக் காணோம்.

ஆலைத் தோழர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. ஒரு கதிருக்குச் செய்த பாபின் வேறு ரகக் கதிரில் சரியாக உட்காருமா? கிராமத்திலோ, மும்முனை மின்சாரம் வருகிறதா என்று பார்க்காமல் யாரும் கிணற்றுக்கு மோட்டார் வாங்குவதில்லை. லினக்ஸும் அப்படித்தான். கரு ஒன்றே, அதைப் பல அமைப்புகள் பலவிதமாகத் தொகுத்து விநியோகிக்கின்றன. ஒன்றில் ஓடியது மற்றொன்றிலும் ஓடும் என்று உத்தரவாதம் கிடையாது.

முதலில் பார்க்க வேண்டியது செயலி. டெபியன் 13, 32 பிட் கணினிகளைக் கைவிட்டுவிட்டது. அவற்றுக்கு நிறுவும் தொகுப்பும் இல்லை, கருவும் இல்லை. உபுண்டுவோ 2019-லேயே அவற்றுக்குக் கதவைச் சாத்தியாயிற்று. ஆகவே 32 பிட் இயந்திரம் வைத்திருப்பவர்கள் டெபியன் 12-லேயே இருப்பது நல்லது. 2028 ஜூன் வரை அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அவசரம் என்ன?

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நிறுவியிருப்பது 32 பிட் என்பதால் இயந்திரமும் 32 பிட் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முனையத்தில் 'எல்எஸ்சிபியு' என்ற கட்டளையைக் கொடுங்கள். செயலி எந்தெந்த முறையில் இயங்கும் என்று ஒரு வரி வரும். அதில் 64 பிட்டும் இருந்தால், புதிதாக நிறுவி மாறலாம். நல்ல இயந்திரத்தைப் பழைய இரும்புக்கு எடை போட்டு விற்பது இந்த ஒரு வரியைப் படிக்காததால்தான்.

64 பிட் என்றாலும் எல்லாம் ஏற்காது. 2025 மே மாதம் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10, ஏறத்தாழ 2013-க்கு முந்திய செயலிகளில் ஓடாது. அதே வழியில் வந்த அல்மாலினக்ஸ் 10, பழைய செயலிகளுக்கென்று தனித் தொகுப்பே தருகிறது. இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் ஒன்று நமக்கு உதவும், மற்றொன்று உதவாது. நினைவகமும் அப்படித்தான். 2 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் உபுண்டுவின் வழக்கமான திரை திணறும். எக்ஸ்எப்சிஇ போன்ற இலேசான திரை போதும்.

மற்ற உறுப்புகளைக் காகிதத்தில் ஆராய்ந்து கொண்டிருக்க வேண்டாம். புதிய லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைக் கிளப்புங்கள். நிறுவும் பொத்தானைத் தொடாத வரை வட்டில் உள்ள எதுவும் மாறாது, காசும் செலவில்லை. வைபை பிடிக்கிறதா? ஒலி வருகிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சந்தா ரசீதை அச்சடித்துப் பாருங்கள். அச்சு இயந்திரத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கம்பெனி கொடுக்கும் டிரைவர் சில சமயம் ஒரே வகைத் தொகுப்பாகத்தான் கிடைக்கும். டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் டெப் தொகுப்பு, பெடோராவுக்கு ஆர்பிஎம். ஒன்றுக்குச் செய்தது மற்றொன்றில் நேராக ஏறாது.

மென்பொருள்களில், லிப்ரே ஆபீஸ் எங்கும் கிடைக்கும், கவலை இல்லை. தமிழ்த் தட்டச்சைச் சோதியுங்கள். தமிழ்99 பழகிய கை வேறு முறைக்கு வணங்காது! பாமினி எழுத்துருவில் அடித்த பழைய துண்டறிக்கைகள் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பையும் எடுத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும்.

இவ்வளவும் தேறினால் மட்டும் நிறுவலாம். அதற்கும் முன்னால் எல்லாக் கோப்புகளையும் வெளி வட்டில் நகல் எடுங்கள். எடுத்த நகலை வேறு கணினியில் திறந்து பார்த்த பிறகு நிறுவும் பொத்தானில் கை வையுங்கள்.