கடல் கடந்த சிப்பாயும் காத்திருக்கும் குடும்பமும்

(பழைய மாணவியர் சங்கக் கூடுகை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொண்டு பற்றிப் பேசுங்கள்" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். அது பெரிய கடல். நான் கால் நனைத்த ஒரு சின்னத் துறையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். இராணுவத்தில் சேர்ந்து அயல்நாட்டில் போய் நிற்கிற பிள்ளைகளுக்கும், அவர்கள் குடும்பங்களுக்கும், நம்மைப் போன்ற சாதாரண ஜனங்கள் என்ன செய்ய முடியும்? இதுதான் என் தலைப்பு.

"உனக்கும் பட்டாளத்துக்கும் என்னடி சம்பந்தம்?" என்று என் வகுப்புத் தோழிகள் நினைப்பது தெரிகிறது. சொல்கிறேன். கல்யாணமாகி நான் போய்ச் சேர்ந்த ஊர், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் மாநிலத்தில் உள்ள பாங்கோர். சின்ன ஊர். ஆனால் விமான நிலையத்தின் ஓடுபாதை மட்டும் 11,000 அடிக்கு மேல் நீளம். 1968 வரை அது விமானப்படைத் தளமாக இருந்ததால் அப்படி. ஐரோப்பாவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி வருகிற விமானம் அமெரிக்க மண்ணில் முதலில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொள்ள வசதியான இடம். அதனால் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு வருகிற விமானங்களும், ஏற்றிக்கொண்டு போகிற விமானங்களும் அங்கே நிற்கும்.

1991-இல் வளைகுடாப் போர் முடிந்து சிப்பாய்கள் திரும்பியபோது, ஊர் ஜனங்கள் தாங்களாகவே விமான நிலையத்துக்குப் போய்க் கைதட்டி வரவேற்றார்கள். 2003-இல் ஈராக் போர் தொடங்கியபின் அது அன்றாட வேலையாகவே ஆகிவிட்டது. இன்றுவரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் கைகொடுத்திருக்கிறார்கள். இதைப் பற்றி 2009-இல் ஓர் ஆவணப்படம்கூட வந்தது.

அவர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். ரொம்ப ஒன்றும் இல்லை. விமானம் வரும் நேரம் தெரிந்ததும் ஒருவருக்கொருவர் போன் பண்ணிச் சொல்வார்கள். அது மத்தியானமாகவும் இருக்கும், விடியற்காலை மூன்று மணியாகவும் இருக்கும். வெளியே பனி கொட்டும். எழுபது, எண்பது வயசுப் பெரியவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். இறங்கி வரும் ஒவ்வொருவருக்கும் வரிசையாக நின்று கைகுலுக்குவார்கள். பிஸ்கட்டும் காப்பியும் இருக்கும். வீட்டுக்குப் பேச இலவசமாகச் செல்போன் கொடுப்பார்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரம். விமானம் கிளம்பிவிடும். இவர்கள் மேஜையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

என் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாதான் என்னை முதலில் அங்கே அழைத்துப் போனார். திரும்பி வருகிற விமானம் என்றால் ஒரே கலகலப்பு. போனை வாங்கி, "அம்மா, நான் வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் பேச்சு வராமல் நிற்கிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். போகிற விமானம் வேறு மாதிரி. யாரும் அதிகம் பேச மாட்டார்கள். பத்தொன்பது வயசுப் பிள்ளை, நம் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற வயசு, பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும். அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலைதான் என்று அந்தப் பாட்டியம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

இங்கே ஒரு கேள்வி வரும். எனக்கும் வந்தது. "அந்தப் போர் சரியென்று நீங்கள் நினைக்கிறீர்களா?" 2003 ஈராக் போரை நான் ஆதரிக்கவில்லை. என் பக்கத்தில் நின்று கைகொடுத்தவர்களில் ஆதரித்தவர்களும் உண்டு, ஆதரிக்காதவர்களும் உண்டு. அந்த இடத்தில் அரசியல் பேசுவதில்லை என்று எங்களுக்குள் ஒரு வழக்கம். ஏன் என்பதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது.

வியட்நாம் போரில் பெரும்பாலான அமெரிக்கச் சிப்பாய்கள் ஒரு வருஷக் கெடுவில் தனித்தனி ஆளாகப் போனார்கள், தனித்தனி ஆளாகத் திரும்பினார்கள். பலர் கட்டாய ஆள்சேர்ப்பில் பிடித்துப் போகப்பட்டவர்கள். ஊருக்குள் போருக்கு எதிர்ப்பு வலுத்திருந்த காலம். போரை நடத்தியவர்கள் மேல் இருந்த கோபத்தில் ஒரு பகுதி, உத்தரவுக்குப் போய் வந்த பிள்ளைகள் தலையில் இறங்கியது. வரவேற்க ஆளில்லாமல் வீட்டுக்குப் போனவர்கள் நிறைய. "எங்களுக்கு நடந்தது இந்தப் பிள்ளைகளுக்கு நடக்கக் கூடாது" என்று சொல்லி பாங்கோரில் வரிசையில் நின்றவர்களில் வியட்நாம் போய் வந்தவர்கள் பலர்.

நமக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. 1987-இல் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போயிற்று. 1990 மார்ச்சில் கடைசி அணிகள் கப்பலில் சென்னைக்குத் திரும்பின. ஈழத்தமிழர்கள் மீது நடந்தவற்றைச் சொல்லி, வரவேற்பு நிகழ்ச்சிக்கு அன்றைய முதலமைச்சர் போகவில்லை. அதில் அவரவர் நியாயம் அவரவருக்கு. ஈழத்து மக்கள் பட்ட ரணம் பொய்யில்லை, அதை மறைத்துப் பேசவும் நான் வரவில்லை. ஆனால் அந்தப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜவான்கள் உயிரிழந்தார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட்டின் அணிகளும் போயிருந்தன. தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மாவும் மனைவியும் நம் ஊர்களிலும் இருந்தார்கள். அவர்கள் வீட்டுப் படியேறி "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பதற்கு எந்தக் கட்சியின் அனுமதியும் தேவைப்பட்டிருக்காது. கேட்டவர்கள் எத்தனை பேர்?

போரை எதிர்க்கிற உரிமை நமக்கு உண்டு. அந்த எதிர்ப்பை உத்தரவு போட்ட இடத்தில் காட்ட வேண்டும். உத்தரவுக்குப் போனவன் வீட்டு வாசலில் காட்டக் கூடாது. நான் இன்று சொல்ல வந்ததே இந்த ஒன்றுதான்.

சரி, கைகுலுக்குவதோடு முடிந்ததா? இல்லை. கொஞ்சம் நடைமுறை விஷயமும் சொல்கிறேன். மாணவிகள் குறித்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் இந்தத் தொண்டு அமைப்பு ரீதியாக வளர்ந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். அதிபர் ரூஸ்வெல்ட் கேட்டுக்கொண்டதன் பேரில் 1941 பிப்ரவரி 4-இல் யு.எஸ்.ஓ. என்ற அமைப்பு பிறந்தது. கிறிஸ்தவ இளைஞர் சங்கம், கிறிஸ்தவ இளம்பெண்கள் சங்கம், கத்தோலிக்கர்களின் அமைப்பு, யூதர்களின் அமைப்பு, சால்வேஷன் ஆர்மி, பிரயாணிகளுக்கு உதவும் சங்கம் ஆகிய ஆறும் கைகோர்த்தன. நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் 1941-இல் தொடங்கி 1990 வளைகுடா நாட்கள் வரை படைமுகாம்களுக்குப் போய் நிகழ்ச்சி நடத்தியது உலகப் பிரசித்தம். மேடை வெளிச்சம் அவர்மேல் விழுந்தது. ஆனால் விமான நிலையங்களிலும் முகாம்களிலும் உள்ள ஓய்வறைகளில் காப்பி போட்டு, சோபாவைத் தட்டிப் போட்டு, விளையாட்டுச் சாமான்களை அடுக்கி வைப்பவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத தொண்டர்கள்தான்.

இரண்டாவது, செய்தி. தூர தேசத்தில் இருக்கிற சிப்பாயின் அப்பா இங்கே மாரடைப்பில் விழுந்தால் என்ன செய்வது? குடும்பத்தார் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போன் செய்வார்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். சிப்பாயின் முழுப் பெயர், பதவி, பிறந்த தேதி, எந்த யூனிட் என்பதெல்லாம் கேட்பார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் விசாரித்துச் செய்தியை உறுதிசெய்து, அவனுடைய மேலதிகாரிக்கு அனுப்புவார்கள். லீவு கொடுப்பது அதிகாரி கையில். ஆனால் உறுதியான செய்தி கையில் இருந்தால் அவர் உடனே முடிவெடுக்கலாம். டிக்கெட்டுக்குப் பணமில்லையென்றால், 1942-இல் தொடங்கிய இராணுவ அவசர நிதியம் வட்டியில்லாக் கடன் தரும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மகன் கொள்ளி போட வந்துசேர மாட்டான். அதனால்தான் அந்த விவரங்களை ஒரு தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டி வையுங்கள் என்று குடும்பங்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே பெரிய தொண்டு.

மூன்றாவது, பார்சல். நம் மனசு போல அனுப்பக் கூடாது. பாலைவனத்துக்குச் சாக்லேட் அனுப்பினால் குழம்பாகத்தான் போய்ச் சேரும். மேற்காசிய முகாம்களுக்கு மதுவும் பன்றி இறைச்சியும் அனுப்பத் தடை. காலுறை, ஈரத் துடைப்பான், தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் பொடி, சீட்டுக்கட்டு, கூடவே கையால் எழுதிய ஒரு கடிதம். இவைதான் பயன்படும். முன்பெல்லாம் "யாராவது ஒரு படைவீரருக்கு" என்று விலாசம் எழுதிப் போடலாம். 2001-இல் தபாலில் ஆந்த்ராக்ஸ் கிருமி அனுப்பப்பட்ட சம்பவங்களுக்குப் பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது பெயர் வேண்டும், யூனிட் வேண்டும். "என்ன வேணும்?" என்று முதலில் கேட்டுவிட்டு அனுப்ப வேண்டும்.

நான்காவது, குடும்பம். 1989-இல் கடற்படை மருத்துவர் ஒருவரின் மனைவி, யுனைட்டெட் த்ரூ ரீடிங் என்ற அமைப்பைத் தொடங்கினார். கப்பலில் போகிற அப்பாவோ அம்மாவோ கதைப்புத்தகம் படிப்பதை வீடியோவில் பதிவுசெய்து குழந்தைக்கு அனுப்புவார்கள். குழந்தை இராத்திரி அதைப் பார்த்துக்கொண்டே தூங்கும். ஆறு மாதம் கழித்து அப்பா வரும்போது முகம் மறந்திருக்காது. 1990-இல் ஃபிஷர் தம்பதியர் இராணுவ ஆஸ்பத்திரிகளுக்குப் பக்கத்தில் வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். காயம்பட்ட பிள்ளையைப் பார்க்க வரும் குடும்பம் அங்கே வாடகையில்லாமல் தங்கலாம். ஜெர்மனியில் லாண்ட்ஸ்டூல் இராணுவ மருத்துவமனைக்கு அருகிலும் இப்படி வீடு உண்டு.

ஜெர்மனி, ஜப்பான், தென்கொரியா போன்ற நாடுகளுக்குச் சிப்பாய்கள் குடும்பத்தோடு போவதும் உண்டு. வீட்டுச் சாமான்கள் கப்பலில் வந்துசேர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை சட்டி, பாத்திரம், தட்டு எல்லாம் இரவல் கொடுக்க முகாமிலேயே ஓர் அறை வைத்திருக்கிறார்கள். புதிதாக வருகிற குடும்பத்துக்கு வழிகாட்ட, முன்பே அங்கிருக்கும் ஒருவரை நியமிக்கிறார்கள். பாஷை தெரியாத ஊரில் கைக்குழந்தையோடு போய் இறங்கிய பெண்ணுக்கு, "கடை இங்கே, டாக்டர் அங்கே" என்று சொல்ல ஒரு பெண் கிடைத்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, கல்யாணமாகி வெளிநாடு போன என் தோழிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை!

"இதெல்லாம் அமெரிக்காவில். இங்கே எங்களுக்கு என்ன வேலை?" என்று மாணவிகள் கேட்கலாம். நம் பிள்ளைகளும் கடல் கடந்து போகிறார்கள். 1950-இல் கொரியாவுக்கு நம் இராணுவ மருத்துவ அணி போனது. 1956-இல் காசா, 1960-இல் காங்கோ, 1998-இல் லெபனான் என்று ஐக்கிய நாடுகளின் அமைதிப் பணிக்கு இந்தியப் படைகள் போய் வந்திருக்கின்றன. குடும்பம் ஊரில்தான் இருக்கும். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி, வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் உள்ள ஊர்களும் நமக்கு உண்டு.

நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவிகளால் செய்ய முடிந்தவற்றைச் சொல்கிறேன். டிசம்பர் 7 கொடி நாளன்று உண்டியல் குலுக்குவதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே போய், "எந்த வீட்டுக்கு உதவி வேணும்?" என்று கேளுங்கள். இராணுவ ஓய்வூதியம் இப்போது ஸ்பர்ஷ் என்ற கணினி முறையில் நடக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாத ஒரு விதவைத் தாய்க்குச் செல்போனில் இதைச் செய்துகொடுக்க உங்களுக்கு அரை மணி நேரம் ஆகும். அவருக்கு அது மாதச் சாப்பாடு. பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். தனியாக இருக்கும் மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

இரண்டு விதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மகன் எங்கே இருக்கிறான், எப்போது வருகிறான் என்று துருவிக் கேட்காதீர்கள், கேட்டதை வெளியில் சொல்லாதீர்கள். அது அவன் பாதுகாப்பு. அடுத்து, வருகிறேன் என்று சொன்ன நாளில் போய் நில்லுங்கள். ஏற்கெனவே ஒருவருக்காகக் காத்திருக்கிற வீடு அது. உங்களுக்காகவும் காக்க வைக்காதீர்கள்.

இந்த வருஷம் பத்து வீடு. ஆளுக்கு ஒரு வீடு என்று பத்து மாணவிகள் கிளம்பினால் போதும். வேண்டிய போக்குவரத்துச் செலவை எங்கள் வகுப்புத் தோழிகள் ஏற்றுக்கொள்கிறோம். இதை மேடையிலேயே சொல்லிவிட்டேன், அதனால் தோழிகள் யாரும் இனிப் பின்வாங்க முடியாது!