பாட்டும் பாட்டுக்கு உரியவர் பெயரும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

ஒருவர் பாடிய பாட்டை மற்றொருவர் எடுத்துப் பாடுவது பற்றிச் சில சொல்ல விழைகிறேன். இன்றைய இளைஞர் இதனைக் ‘கவர் பாடல்’ என்பர். கலைஞர் பலர் கூடி அத்தகைய பாடல்களை ஒரே தொகுப்பாக வெளியிடுவதும் உண்டு. பெயர்தான் புதிது. நம் செஞ்சி வட்டாரத்துத் தெருக்கூத்திலே கர்ண மோட்சத்தை எத்தனை குழுவினர் விடிய விடியப் பாடியிருக்கின்றனர்! அதனை எவரும் திருட்டு என்றதில்லை.

கலைஞர் கூடிச் செய்த முயற்சிகளில் நமக்குப் பெருமை சேர்த்தது ஒன்று. 2018 சனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு அரங்கேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் கானா, ராப், ராக் கலைஞர் 19 பேரை ஒரே மேடையில் நிறுத்தினர். பண்டிதர் அயோத்திதாசர் வழங்கிய ‘சாதிபேதமற்ற’ எனும் சொல்லே அக்குழுவின் பெயருக்கு மூலம்.

அவர்களுக்கும் முன்னோடிகள் உண்டு. கவிஞர் இன்குலாப் இயற்றிய ‘மனுசங்கடா’ பாடலை ஊர்தோறும் கொண்டுசென்ற குரல் முனைவர் கே. ஏ. குணசேகரனுடையது. கீழக்கரையில் இசுலாமியக் குடியில் பிறந்தவர் எழுதினார். நம்மில் ஒருவர் பாடினார். இருவரும் 2016ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். பாட்டு மறையவில்லை. ஆனால் அதனை உரக்கப் பாடும் நம் பிள்ளைகளிடம் இவ்விருவர் பெயரைக் கேளுங்கள், பலருக்குத் தெரியாது. என் கவலை இதுதான்.

சட்டத்தைப் பார்ப்போம். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, முதல் ஒலிப்பதிவு வெளிவந்து ஐந்தாண்டு கழிந்தபின், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 படிகளுக்கான உரிமைத்தொகையை முன்னதாகச் செலுத்தி, ஒரு பாட்டை மற்றவர் பாடி வெளியிடலாம். நன்று. ஆனால் நடவு வயலிலே நம் தாய்மார் பாடிய பாட்டுக்கு உரிமையாளர் யார்? ஏட்டிலே எவருமில்லை. எனவே எவரும் எடுக்கலாம். எவருக்கும் ஒரு காசும் தரவேண்டியதில்லை!

பெயருள்ளவருக்கே இடர் நேர்ந்ததும் உண்டு. 2021 மார்ச்சில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யை எழுதி, பாடகி தீயுடன் பாடியவர் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வை அதிலே வைத்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும் வேறொரு கலைஞரும் இருந்தனர், அறிவு இல்லை. இரஞ்சித் முதலியோர் கேள்வி எழுப்பிய பின்னரே அவருக்கென ஓர் அட்டை வந்தது.

அமெரிக்காவில் நடந்தது ஒன்று, வெள்ளி விழாக் கொண்டாடும் நமக்குப் பொருந்தும். விடுதலை பெற்ற அடிமைகளின் கல்விக்கென நாஷ்வில் நகரில் 1866இல் தோன்றிய ஃபிஸ்க் பள்ளி கடனில் மூழ்கியது. 1871 அக்டோபரில் ஒன்பது மாணவர் பாடிப் பொருள் திரட்டப் புறப்பட்டனர். பெற்றோர் அடிமைக் காலத்தில் பாடிய பக்திப் பாடல்களை வெளியார்முன் பாட அவர்கள் முதலில் கூசினர். துணிந்து பாடிய பின்னரோ அரங்குகள் நிறைந்தன. கடன் தீர்ந்தது, 1876இல் ஜூபிலி மண்டபம் எழுந்தது. குழுவின் பெயரும் ஜூபிலி பாடகர் என்பதே. அக்கல்வி நிறுவனத்தின் 150ஆம் ஆண்டுக்கென அக்குழு வெளியிட்ட தொகுப்பில் வெளிக்கலைஞரும் சேர்ந்து பாடினர். அதற்கு 2021இல் கிராமி விருது கிடைத்தது.

அந்தக் கூச்சம் நம்மிடமும் இருக்கிறது. தாயின் ஒப்பாரியைக் கைப்பேசியில் பதிந்து வரும்படி ஒரு மாணவனிடம் சொன்னேன். “வேண்டாம் ஐயா, சிரிப்பார்கள்” என்றான். அவன் தாயாரின் குரலைக் கேட்டவன் நான். சிரிப்பவன் செவிடனாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். வரும் பொங்கலுக்குள் நம் தெருவின் மூத்த தாய்மாரிடமிருந்து நடவு, தாலாட்டு, ஒப்பாரி எனப் பத்துப் பாடல்களைப் பதிவு செய்வோம். முதலில் அவர்கள் குரலிலேயே. பின்னர் பறையும் கீபோர்டும் சேர்த்து இளைஞர் குரலில். பாடியவர் பெயர், அவருக்குக் கற்பித்தவர் பெயர், ஊர், ஆண்டு ஆகிய நான்கையும் தொகுப்பின் அட்டையில் அச்சிட வேண்டும். வருவாய் ஏதும் கிடைப்பின் பாதி அத்தாய்மாருக்கு, பாதி சங்கத்தின் கல்வி நிதிக்கு. குறிப்பேடு ஒன்று வாங்கி வந்திருக்கிறேன், மேசைமீது இருக்கிறது. பாட இசையும் தாய்மார் கூட்டம் முடிந்ததும் வந்து தங்கள் பெயரைச் சொன்னால், நானே எழுதிக்கொள்கிறேன்.