மெலிந்த உடம்புக்கும் சீனி வரும்

(கல்லூரி நூற்றாண்டையொட்டி மருதானையில் பழைய மாணவியர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உணவும் உடல்நலமும் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். அது பெரிய விஷயம். ஆகவே கிளினிக்கில் நான் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாற்பது, நாற்பத்தைந்து வயதுப் பெண்கள் இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள்: "டொக்டர், நான் மெலிவுதானே, எனக்கு எப்படிச் சீனி வந்தது?"

நியாயமான கேள்வி. பருத்த உடம்புக்குத்தான் சீனி வருத்தம் வரும் என்று எல்லோரும் நினைக்கிறோம். விடை நாம் உயிரியல் பாடத்தில் மனனம் செய்த ஒரு சொல்லில் இருக்கிறது: அனுசேபம். தமிழ்நாட்டில் இதை வளர்சிதை மாற்றம் என்பார்கள். உண்ட உணவை உடைத்துச் சக்தி எடுப்பதும், அதே உணவிலிருந்து தசையையும் எலும்பையும் குருதியையும் கட்டுவதும் சேர்ந்ததுதான் அனுசேபம். பக்டீரியாவிலும் நடக்கிறது, பலா மரத்திலும் நடக்கிறது, நம்மிலும் நடக்கிறது. நாம் தூங்கும்போதும் அது நிற்பதில்லை. நாள் முழுவதும் செலவாகும் சக்தியில் ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதம், நாம் ஒன்றுமே செய்யாமல் படுத்திருந்தாலும் செலவாகும். இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் ஓய்வின்றி வேலை செய்வதற்கான செலவு அது. மூளை மட்டும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோசைப் பயன்படுத்துகிறது.

இப்போது ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். காலையில் வெறும் வயிற்றோடு இருக்கும் ஒருவரின் குருதி முழுவதிலும் உள்ள சீனி எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 5 கிராம். ஒரு தேக்கரண்டி. மதியம் இரண்டு கோப்பைச் சோறு சாப்பிட்டால் அதிலிருந்து வருவது ஏறத்தாழ 90 கிராம் காபோவைதரேற்று. அதாவது குருதியில் இருப்பதைப்போல் பதினெட்டு மடங்கு, சில மணி நேரத்துக்குள் உள்ளே வருகிறது. அப்படியிருந்தும் ஆரோக்கியமான ஒருவரின் குருதிச் சீனி சிறிது ஏறிப் பின் பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அந்தச் சீனியை உடனுக்குடன் வேறு இடங்களுக்கு அனுப்பிவிடுவதே காரணம்.

முதலாவது இடம் தசை. தசைகள் ஏறத்தாழ 400 கிராம் வரை கிளைக்கோசனாகச் சேமிக்கும். ஈரல் ஏறத்தாழ 100 கிராம் சேமிக்கும். நோன்பு நாளிலும் கந்தசஷ்டி விரதத்திலும் முதலில் நமக்குக் கைகொடுப்பது ஈரலில் உள்ள அந்தக் கையிருப்புத்தான். அது குறையக் குறைய உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். (சீனிக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் விரதத்துக்கு முன் தங்கள் வைத்தியரிடம் கட்டாயம் பேச வேண்டும்.) தசையும் ஈரலும் நிரம்பிய பிறகு மிஞ்சுவது கொழுப்பாகிறது. தோலுக்குக் கீழே சேரும் கொழுப்பு அவ்வளவு தீங்கு செய்வதில்லை. அங்கே இடம் போதாமல் ஈரலுக்குள்ளும் குடலைச் சுற்றியும் கொழுப்புச் சேரும்போதுதான் தொல்லை. அப்போது இன்சுலின் சொல்வதை ஈரலும் தசையும் கேட்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து, ஆண்டுகள் போகப் போகக் களைத்துவிடுகிறது.

இதில் எங்கேயும் உடல் எடை என்ற சொல் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தராசு மொத்தக் கிலோவைத்தான் சொல்லும். அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லாது.

2004இல் லான்செற் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டொக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டொக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவரும் நண்பர்கள், இருவரும் மெலிவு. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. ஆனால் உடற்கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல்! யாஜ்னிக்கின் குழு பிறந்த குழந்தைகளையும் அளந்தது. இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் குழந்தையின் சராசரி எடை 3.5 கிலோ, புனேயில் 2.7 கிலோ. புனேக் குழந்தைகளுக்குத் தசை குறைவு, உறுப்புகளும் சிறியவை. ஆனால் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தாய்க்கு ஊட்டம் போதாதபோது, வயிற்றிலுள்ள பிள்ளை தசையைக் குறைத்துக் கொழுப்பைக் காப்பாற்றிக்கொள்கிறது. பஞ்சத்துக்குத் தயாராகும் உடம்பு அது. அந்தப் பிள்ளை வளர்ந்து பாணும் சோறும் சோடாவும் நிறைந்த நகரத்துக்கு வந்தால் என்ன ஆகும்?

இந்தக் கல்லூரியின் நூறு ஆண்டுகளுக்குள்ளேயே அதற்கு விடை இருக்கிறது. 1930களில் கொழும்பு பக்டீரியாவியல் நிறுவனத்தில் பணியாற்றிய டொக்டர் லூசியஸ் நிக்கொல்ஸ், தேரையின் தோல்போலச் சொரசொரப்பான தோலைப் பற்றி எழுதினார். அது ஊட்டக் குறைவின் அடையாளம் என்றும் விற்றமின் ஏ போதாமையோடு தொடர்புடையது என்றும் சொன்னார். அன்று இந்நாட்டு வைத்தியர்களின் கவலை, பிள்ளைகளுக்குச் சாப்பாடு போதவில்லை என்பது. 2005-06இல் நாடளாவிய ஆய்வொன்று 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதைக் கண்டது. நகரங்களில் அது 16.4 சதவீதம். 2018-19இல் நடந்த மற்றொரு தேசிய ஆய்வில் வளர்ந்தோரில் ஏறத்தாழ 23 சதவீதம். நம் பாட்டிமாரின் பசியும் நம் காலத்து மிகுதியும் ஒரே உடம்பில் சந்திக்கின்றன. "நான் மெலிவுதானே" என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: மெலிவாக இருப்பது நம் இனத்தாருக்குக் காப்பு அல்ல.

பெண்களுக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கர்ப்ப காலத்தில் வரும் சீனி. பிள்ளை பிறந்ததும் அளவு இறங்கிவிடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆனால் அந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் ஆபத்து மற்றத் தாய்மாரைவிட ஏழு மடங்குக்கும் மேல். பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் ஒரு தடவையும், அதன் பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தடவையும் பார்க்க வேண்டும். பிள்ளையின் தடுப்பூசிக்கு ஒரு நாள் தவறாமல் கிளினிக் போகும் தாய், தன் சோதனைக்கு வருவதில்லை. இரண்டாவது, வயது. நாற்பதுக்குப் பிறகு தசை மெல்ல மெல்லக் குறைகிறது. மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்பு இடுப்பைச் சுற்றிச் சேர்கிறது. தராசில் அதே 52 கிலோவாக இருக்கலாம். உள்ளே சீனியை வாங்கி வைக்கும் இடம் சுருங்கியிருக்கும்.

அப்படியானால் என்ன செய்வது? நல்ல செய்தியும் உண்டு, அதுவும் தமிழ் மண்ணிலிருந்தே. சென்னையில் டொக்டர் ராமச்சந்திரன் குழுவினர், சீனி வருத்தத்தின் வாசலில் நின்ற 531 பேரைச் சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. நடையையும் உணவுத் திருத்தத்தையும் கடைப்பிடித்தவர்களில் 39 சதவீதத்தினருக்குத்தான் வந்தது. இவர்களுக்கு எடை குறையவில்லை என்பதே இதில் முக்கியம். எடை குறையாமலேயே பயன் கிடைத்தது. வேலை செய்யும் தசை, இன்சுலின் இல்லாமலும் சீனியை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டபின் பதினைந்து நிமிடம் நடப்பதற்கு அவ்வளவு மதிப்பு. படி ஏறுவதும், கதிரையில் இருந்து எழும்பி இருப்பதைப் பத்துத் தடவை செய்வதும் தசையைக் காக்கும்.

கோப்பையில் என்ன செய்யலாம்? சோற்றை விடச் சொல்லவில்லை. பாதிக் கோப்பை மரக்கறியும் கீரையும், கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, கடலை, மீதிக் கால் பங்கு சோறு. வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை எல்லாம் கொழும்பில் இன்றும் கிடைக்கின்றன. புட்டும் இடியப்பமும் மாதான், சம்பலோடு மட்டும் சாப்பிட்டால் அது சீனிதான். ஒரு முட்டையோ பருப்போ சேருங்கள். பிளேன்ரீ நாலு குடித்து ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி போட்டால் ஏறத்தாழ 35 கிராம் சீனி. உலக சுகாதார நிறுவனம் நல்லது என்று சொல்லும் அளவு நாளுக்கு 25 கிராமுக்குள்.

சோற்றைப் பற்றிப் பலரும் கேட்பார்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். 2015இல் கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரி மாணவர் சுதைர் ஜேம்ஸ், கலாநிதி புஷ்பராஜா தவராஜாவின் வழிகாட்டலில் நமது நாட்டு அரிசி இனங்கள் 38ஐ ஆராய்ந்தார். கொதிநீரில் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டுச் சோறாக்கி, 12 மணி நேரம் குளிரூட்டியில் வைத்தால், எளிதில் சமிக்காத மாப்பொருள் பல மடங்கு கூடுவதைக் கண்டார்கள். "சோற்றுக் கலோரி பாதியாகும்" என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. அது ஆய்வுகூடக் கணிப்பு. சாப்பிட்டவர்களின் குருதியில் அளந்த முடிவு அல்ல. செய்து பார்ப்பதில் தவறில்லை. சோற்றை விரைவாக ஆறவைத்து, குளிரில் வைத்து, நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். ஆனால் அதைக் காரணம் காட்டி இரண்டாவது தடவை சோறு போடாதீர்கள்!

வெளிநாடுகளில் இருந்து இம்மலரை வாசிக்கும் சகோதரிகளுக்கும் சேர்த்து மூன்று இலக்கங்களைச் சொல்லி முடிக்கிறேன். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குள் இருக்கட்டும். பி.எம்.ஐ. நமக்கு 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும். வெறும் வயிற்றுச் சீனி 100க்குக் கீழே இருந்தால் நல்லது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் அதை 5.6 என்று எழுதுவார்கள். 126 அல்லது அதற்கு மேல், அங்கே 7.0, மறுபடி பார்த்தபோதும் இருந்தால் அது நீரிழிவு. இடையில் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம். சென்னையில் பயன்பெற்றவர்கள் அந்த வாசலில் நின்றவர்களே. இலங்கையில் 35 வயது தாண்டியோருக்குச் சுகாதார அமைச்சின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இந்தச் சோதனைகள் இலவசம்.

சங்கத்தினரிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் காலையில் நாம் எல்லோரும் கூடுகிறோம். சிற்றுண்டிக்கு முன் ஒரு மேசை, ஓர் அளவு நாடா, ஒரு குளுக்கோமீற்றர் போதும். சந்தாவோடு இதையும் ஒரு வழக்கமாக்கலாம். கணவரின் பிரஷரும் பிள்ளையின் பரீட்சைத் திகதியும் நமக்கு மனப்பாடம். நம் சீனியின் அளவும் அப்படித் தெரிந்திருக்க வேண்டும்.