கொம்பின் நுனியும் வில்லின் கரையும்

ஆலையடிவேம்பிலிருந்து தெற்கே திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று கரையோரமாகவே போனால், உகந்தை முருகன் கோயிலடியில் குமண தேசியப் பூங்காவின் வாசல் வரும். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்களுக்கு இது நன்கு பழகிய வழி. வழியில் புள்ளிமான் கூட்டத்தைக் காணாமல் திரும்பியவர்கள் அநேகமாக இருக்கமாட்டார்கள். யானையையும் சிறுத்தையையும் தேடி ஜீப்பில் போகிறவர்களின் கமெராவிலும் கடைசியில் நிறைந்திருப்பது மான்தான். ஆனாலும், பார்த்ததும் நின்று பார்க்க வைக்கும் மான் படங்கள் குறைவு. எளிதில் கிடைக்கிற விலங்கு என்பதால் யாரும் அதை யோசித்து எடுப்பதில்லை. மானின் உருவப்படத்தை எப்படி அமைப்பது, எடுத்த படத்தின் ஓரங்களை எவ்வளவு வெட்டுவது என்பதைப் பற்றியதே இந்த உரை.

காட்டுயிர்ப் புகைப்படக் கலையின் முதல் புகழே மானால் வந்ததுதான். ஜோர்ஜ் ஷைராஸ் என்ற அமெரிக்கர் துவக்கை வைத்துவிட்டுக் கமெராவைக் கையில் எடுத்த வேட்டைக்காரர். மிச்சிகன் மாநிலத்து ஏரியில் இரவில் தோணியில் போய், விளக்கு வெளிச்சத்தில் மானின் கண் மின்னும் இடத்தைக் குறிவைத்து, வெடித்து எரியும் ஒளிப்பொடியின் வெளிச்சத்தில் வெள்ளைவால் மான்களைப் படமெடுத்தார். அந்த இரவுப் படங்களுக்கு 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் தங்கப்பதக்கம் கிடைத்தது. 1906 ஜூலையில் நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை அவருடைய 74 படங்களை ஒரே இதழில் வெளியிட்டது. அவற்றில் புகழ்பெற்றவற்றைப் பார்த்தால், மான் நம் முகத்துக்கு நேரே வந்து நிற்பதில்லை. சுற்றிலும் கரிய இருட்டு, காலடியில் ஏரித் தண்ணீர், அதில் மானின் நிழலுரு. இவ்வளவும் சேர்ந்ததே அவருடைய மான்.

நம் பக்கத்தில் இந்தப் பார்வையை உறுதியாகப் பிடித்துக்கொண்டவர் சென்னையைச் சேர்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதியவர். வெவ்வேறு பாகங்களைப் பொருத்தித் தானே அமைத்துக்கொண்ட ஒரு கனத்த கமெராவுடன், கால்நடையாகவும் பழக்கிய யானையின் முதுகிலும் தென்னிந்தியக் காடுகளில் சுற்றினார். கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். இலங்கையில் ‘ஸ்ரூடியோ ரைம்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கிய நிஹால் பெர்னாண்டோவும் (1927–2015) காட்டை வெறும் பின்திரையாக நினைக்காதவர். இந்த இருவரின் படங்களிலும் விலங்கு எந்த மண்ணில் நிற்கிறது என்பது தெரியும்.

இன்றைய நீண்ட லென்ஸ்கள் வேறொரு பழக்கத்தைக் கொண்டுவந்துவிட்டன. முகம் மட்டும், கண் மட்டும், பின்னால் எதுவும் தெரியாத பச்சை மங்கல். அப்படி ஒரு படத்தைக் குமணவில் எடுத்தாலும் சென்னையின் கிண்டிப் பூங்காவில் எடுத்தாலும் வித்தியாசம் இராது.

மானுக்கு நெருக்கமான முகப்படம் ஒத்துவராது என்பதல்ல. அதற்கு மானின் உடலமைப்பை அறிந்திருக்க வேண்டும். அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. பக்கவாட்டில் எடுத்தால் ஒரு கண்தான் தெரியும். அந்த ஒரு கண் துல்லியமாக விழாவிட்டால் மற்றதெல்லாம் வீண். காதுகள் ஓயாமல் திரும்பிக்கொண்டிருக்கும். இரண்டும் முன்னோக்கி நிமிரும் கணத்தில்தான் முகத்துக்கு உயிர் வரும். ஆண் புள்ளிமானின் கொம்பு பொதுவாக மூன்று கிளையாக மேலே நீண்டு வளைவது. அதன் நுனியைச் சட்டகம் தொட்டாலே கண் உறுத்தும், வெட்டினால் படம் கெட்டுவிடும். முகத்தில் கவனம் வைத்து எடுக்கும்போது நுனி மேல்விளிம்பில் அறுந்துபோவது மான் படங்களில் மிகச் சாதாரணமான குறை. அதைப் பிறகு எந்தக் கணினியாலும் நேர்மையாகத் திருத்த முடியாது. அதனால்தான் தேர்ந்தவர்கள் கொம்புக்கு மேலே தாராளமாக இடம் விட்டு எடுத்து, மிஞ்சியதைப் பிறகு வெட்டுகிறார்கள்.

கால் விடயத்திலும் இப்படித்தான். குளம்புக்குச் சற்று மேலே வெட்டினால் மான் முடமானதுபோல் தெரியும். ஒன்று குளம்பும் அதன் கீழே கொஞ்சம் புல்லும் இருக்கட்டும். இல்லையென்றால் துணிந்து மார்போடு நிறுத்தலாம். மான் பார்க்கும் திசையில் கூடுதல் இடம் வேண்டும். பல சமயம் அந்தத் திசையில்தான் செய்தியும் இருக்கிறது: ஒரு கூட்டமே ஒரு பக்கம் பார்த்து விறைத்து நின்றால், அங்கே சிறுத்தை இருக்கலாம்.

உயரமும் முக்கியம். புள்ளிமானின் தோளுயரம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஜீப்பின் உயர்ந்த இருக்கையிலிருந்து எடுத்தால் முதுகும் தரையுமே படத்தை நிறைக்கும். பூங்காவுக்குள் வண்டியை விட்டு இறங்க அனுமதியில்லை. ஆகவே முடிந்தவரை தாழ்ந்து உட்கார்ந்து, பக்கத் திறப்பின் அடிப்பகுதியிலிருந்து எடுப்பது நல்லது. கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால், காலையில் கடலுக்கும் பாதைக்கும் நடுவே நிற்கும் மானின் மயிரோரம் பொன்னாக ஒளிரும். அந்த அரைமணி நேரத்தைத் தவறவிட்டவர்கள் நடுப்பகலில் கானலோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இனி வெட்டும் கணக்கு. 24 மெகாபிக்சல் கமெராவின் படம் ஏறக்குறைய 6000க்கு 4000 புள்ளி. அகலத்திலும் உயரத்திலும் பாதியை மட்டும் வைத்தால் 3000க்கு 2000. அதாவது 6 மெகாபிக்சல், மூலப்படத்தின் கால்வாசி. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் அகலம் 10 அங்குலம்தான் வரும். இன்னுமொருமுறை பாதியாக்கினால் 5 அங்குலம். கைப்பேசித் திரை இந்த இழப்பைக் காட்டாது, கண்காட்சிச் சுவர் காட்டிவிடும். தூரத்தில் நின்ற மானை வெட்டி வெட்டிக் கிட்டே கொண்டுவருவதைவிட, சிறிய மானும் பெரிய வில்லுமாக (வில்லு என்பது ஆழமில்லாத இயற்கை நீர்நிலை) அப்படியே விடுவது பெரும்பாலும் சிறந்த படம்.

வெட்டுவதில் உண்மையும் சம்பந்தப்பட்டிருக்கிறது. திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயில் வழியிலும் புள்ளிமான்கள் மனிதருக்கு அஞ்சாமல் உலவுகின்றன. கைப்பேசி மட்டுமே உள்ளவர்களுக்கும் அதைவிட நல்ல பயிற்சிக்களம் கிடையாது. ஆனால் கோட்டைச் சுவரையும் முச்சக்கரவண்டியையும் வெட்டிவிட்டு, அடர்காட்டு மான் என்று குறிப்பு எழுதினால் அது பொய். ஃபியாப் எனப்படும் சர்வதேசப் புகைப்படக் கலைச் சம்மேளனத்தின் இயற்கைப் பிரிவு விதிகள் ஓரம் வெட்டுவதை அனுமதிக்கின்றன. படத்துக்குள் ஒன்றைச் சேர்ப்பதையும் இருந்ததை அழிப்பதையும் அனுமதிப்பதில்லை. முகத்தின் குறுக்கே ஒரு கொப்பு வந்தால் மான் தலை தூக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். உண்மையில், பழைய கோட்டைச் சுவரின் கீழ் படுத்து அசைபோடும் மான், சுவரில்லாத மானைவிட அதிகம் சொல்கிறது. பொலித்தீனைத் தின்று மான்கள் இறந்த செய்திகள் அந்த நகரிலிருந்து வந்திருக்கின்றன. குப்பையருகே நிற்கும் மானின் படத்தில் குப்பையை வெட்டாமல் விடுவதும் ஒரு சேவை.

இந்தக் கரையோரத்தில் கமெராவும் கைப்பேசியும் வைத்திருக்கும் இளைஞர்கள் இப்போது ஏராளம். மழைக்காலம் முடிந்து குளங்களும் வில்லுகளும் வற்றும் மாதங்களில் மான்கள் தண்ணீருக்கு வெளியே வரும். அப்போது குமண பக்கம் போங்கள். வெட்டிய படத்தோடு வெட்டாத மூலப்படத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள். எடுத்த இடத்தையும் திகதியையும் அதனுடன் எழுதி வையுங்கள்.