மரத்தை விடாதே!

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச வந்ததற்குக் காரணம் ஒரு வீட்டுச் சண்டை. என்னோடு ஒரே பெஞ்சில் நாலு வருஷம் உட்கார்ந்த நண்பர் ஒருவர் முன்வரிசையில் இருக்கிறார். பணி ஓய்வில் வந்த பணத்தைப் போட்டு ஒரு பாய்மரப் படகு வாங்கி, முதலில் போர்ட் பிளேர், பிறகு அதற்கும் அப்பால் போக வேண்டும் என்பது அவர் ஆசை. மகன் இரட்டை உடல் கொண்ட 'கேடமரான்'தான் வாங்கணும் என்கிறார். இவர் ஒற்றை உடல் படகே போதும் என்கிறார். "நீதான் ராயபுரத்துக்காரன் ஆச்சே, கட்டுமரத்துல வளர்ந்தவன், நீயே சொல்லு" என்றார்கள். அவர் துணைவியார் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அண்ணே, எது திரும்பி வரும்?" அந்தக் கேள்விக்குத்தான் இந்த உரை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தீர்த்து விடுகிறேன். 'கேடமரான்' என்ற சொல் நம்முடையது. படகு நம்முடையது அல்ல. ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். நம் கட்டுமரம் கனம் குறைந்த சில மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிய மிதவை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் காய வைப்பார்கள். இரண்டு உடல்களை நடுவில் பாலம் போட்டு இணைப்பது பசிபிக் தீவு மக்களின் கலை. 1876-இல் அமெரிக்காவின் ஹெர்ஷாஃப் அப்படி ஒரு படகைக் கட்டி, நியூயார்க் பந்தயத்தில் எல்லோரையும் முந்தினார். 'இது எங்கள் வகைப் படகே இல்லை' என்று மற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். அந்த வகைக்கு நம் பெயர் ஒட்டிக்கொண்டது.

சரி, எது நல்லது? ஒற்றை உடல் படகின் அடியில் 'கீல்' இருக்கும். அதில் ஈயமோ வார்ப்பிரும்போ வைத்திருப்பார்கள். படகின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட அது வரும். காற்றில் படகு சாயும். சாயச் சாய அந்தக் கனம் அதை நிமிர்த்தப் பார்க்கும். நம்ம ஊர் தஞ்சாவூர் பொம்மையை நினைத்துக் கொள்ளுங்கள். இரட்டை உடலுக்கு அந்தக் கனம் கிடையாது; அகலம்தான் அதன் பலம். சாயாமல் நிற்கும், டம்ளரில் காபி தளும்பாது, ஆழம் குறைந்த இடத்திலும் நுழையும். ஆனால் ஓர் அளவைத் தாண்டித் தூக்கிவிட்டால் கவிழும். கவிழ்ந்தால் தானாக நிமிராது.

வேகக் கணக்கும் உண்டு. ஒற்றை உடலுக்குப் பொதுவான சூத்திரம்: நீர்க்கோட்டு நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்குவது. 40 அடிக்கு எட்டரை நாட். இரட்டைப் படகின் உடல்கள் ஒல்லியானவை என்பதால் இந்தக் கட்டு அவ்வளவாக அவற்றைப் பிடிக்காது. ஆனால் தண்ணீர், டீசல், ஆறு மாத மளிகை என்று ஏற்றிப் பாருங்கள், அந்த வேகம் கரைந்துபோகும். காற்றை எதிர்த்து ஏறுவதிலும் நல்ல கீல் உள்ள ஒற்றைப் படகே பொதுவாகக் கெட்டி.

இனி ஆபத்து. 2018 செப்டம்பரில் நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி தனியே போன ஒற்றைப் படகு 'துரியா' தென் இந்தியப் பெருங்கடல் புயலில் உருண்டது. பாய்மரம் ஒடிந்தது, அவர் முதுகு உடைந்தது. ஆனால் படகு நிமிர்ந்தது. எழுந்து நடக்க முடியாமல் அதிலேயே கிடந்தவரை மூன்று நாள் கழித்து மீட்டார்கள். 1978-இல் ஹவாய் தீவுகளுக்கு அருகே 'ஹோக்குலேயா' என்ற இரட்டைப் படகு இரவில் கவிழ்ந்தது. மூழ்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பிழைத்தார்கள். உதவி கொண்டுவரப் பலகையில் துடுப்புப் போட்டுப் போன எடி ஐக்காவ் என்ற வீரர்தான் திரும்பவே இல்லை. 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயப் புயலில் பந்தயக்காரர்கள் 15 பேர் இறந்தார்கள். ஆட்கள் கைவிட்டு இறங்கிய 24 படகுகளில் ஐந்துதான் மூழ்கின. மற்றவை பிறகு மிதந்தபடியே கிடைத்தன!

இதைப் படித்தபோது எனக்கு எங்க நைனா ஞாபகம் வந்தது. எனக்குப் பத்து வயசு. எண்ணூருக்கு வெளியே ஒரு அலை எங்க மரத்தைப் புரட்டிப் போட்டது. நான் பயந்து கரைப்பக்கம் நீந்தப் பார்த்தேன். நைனா என் முடியைப் பிடித்து இழுத்தார். "மரம் கவுந்தா கவுந்துட்டுப் போவுது. நீ மரத்தை வுடாத!" அவரும் சித்தப்பாவும் தோள் கொடுத்து மரத்தைத் திருப்பினார்கள். கட்டுமரத்துக்கு உள்ளே என்று ஒன்று இல்லை. தண்ணீர் புகுந்து மூழ்க வழியில்லை. இன்று காசிமேட்டில் எங்கு பார்த்தாலும் பைபர் படகுதான். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் வேகமாகக் குறைந்துவிட்டது. நைனா சொன்ன பாடம் குறையவில்லை.

ஆகவே நண்பரே, ஒன்று நிமிரும், ஆனால் உள்ளே தண்ணீர் நிறைந்தால் மூழ்கும். இன்னொன்று நிமிராது, ஆனால் பெரும்பாலும் மிதக்கும். எந்த ஆபத்தோடு உங்களால் மல்லுக்கட்ட முடியும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். குடும்பத்தோடு, வெப்பக் கடலில், காற்று பின்னால் தள்ள, சுமையைக் குறைத்துப் போவதென்றால் மகன் சொல்வது சரி. ஆனால் நீங்கள் ஐப்பசி, கார்த்திகைப் புயல்களைத் தவிர்த்து தை, மாசியில் கிளம்புவீர்கள். போர்ட் பிளேர் கிழக்கே ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். அப்போது வடகிழக்குக் காற்று முன்பக்கவாட்டில் அடிக்கும். போவது இரண்டு கிழவர்கள். வீட்டில் எதையும் தூக்கிப் போட மனசு வராத நீங்கள் சுமையைக் குறைக்கப் போவதும் இல்லை. என் ஓட்டு ஒற்றை உடலுக்கே. தங்கச்சி கேட்ட கேள்விக்குப் பதில்: படகை விடாத ஆள் திரும்பி வருவான்.

மாணவச் செல்வங்களே, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் அவர் தோழி தில்னாவும், இருவருமே கடற்படை அதிகாரிகள், 2024 அக்டோபரில் கோவாவில் கிளம்பி, 17 மீட்டர் 'தாரிணி'யில் உலகைச் சுற்றி, 2025 மே மாதம் கோவாவுக்கே திரும்பினார்கள். அதுவும் ஒற்றை உடல் படகுதான். நம் கல்லூரிக்குக் கூப்பிடு தூரத்தில் கடல் இருக்கிறது. ஒரு தடவை போய்ப் பாருங்கள்.