எழுத்துப் பணியும் எளிய பொழுதுபோக்கும்

பெருநூல் ஒன்றை எழுத முற்படுவோர் பலர் முதன்முதலிற் கைவிடுவது பொழுதுபோக்கையேயாகும். நூல் முடியட்டும், பின்னர் மகிழ்ந்திருக்கலாம் என்பது அவர்தம் எண்ணம். நூலோ நினைத்த நாளில் முடிவதில்லை. மகிழ்ச்சியும் ஆண்டுக்கணக்கிற் பின்போடப்படுகின்றது. இவ்வாறு பின்போடுதல் தக்கதா என்பதற்கு விஞ்ஞானி சார்ள்ஸ் டார்வினின் வாழ்க்கை தெளிவான விடை தருகின்றது.

டார்வின் 1842ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரை நீங்கி, அக்காலத்திற் கென்ற் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த டவுண் என்னும் சிற்றூரிற் குடியேறினார். 1882ஆம் ஆண்டில் மறையும்வரை அதுவே அவரது இருப்பிடம். ‘உயிரினங்களின் தோற்றம்’ முதலாய பெருநூல்கள் அங்கேதான் உருவாகின. அவற்றை எழுதியவர் உடல்நலம் மிக்கவரல்லர். நெடுங்காலம் நோயோடு போராடியவர். பிற்காலத்தில் அவரது நாள் எவ்வாறு கழிந்தது என்பதை அவர் மைந்தர் பிரான்சிஸ் எழுதி வைத்துள்ளார். காலை 8 மணி முதல் 9.30 வரை எழுத்துப் பணி, மீண்டும் 10.30 முதல் நண்பகல் வரை. மாலையில் ஒரு மணி நேரம். ஆக, ஒரு நாளின் பணி நான்கு மணி நேரமே.

எஞ்சிய பொழுதிற் பெரும்பகுதி ஓய்வுக்கும் எளிய இன்பங்களுக்கும் உரியதாயிருந்தது. குத்தகைக்குப் பெற்ற சிறு நிலத்தில் மரங்களை நட்டு, சுற்றிலும் மணற்பாதை அமைத்து, நாடோறும் அதில் உலாவினார். எத்தனை சுற்று நடந்தார் என எண்ணிக்கொள்வதற்குக் கற்களைக் குவித்து வைத்து, சுற்றுக்கொன்றாகக் காலால் தள்ளிவிடுவது அவர் வழக்கம். களைப்பாறும் வேளைகளில் வீட்டார் நாவல்களை உரக்கப் படிக்க, சாய்ந்திருந்து கேட்பார். இன்பமாக முடியும் கதைகளே அவருக்கு உவப்பு. துன்பமாக முடியும் நாவல்களைச் சட்டமியற்றித் தடுக்க வேண்டுமென்று வேடிக்கையாக எழுதியும் இருக்கிறார்.

இரவு உணவின் பின் மனைவி எம்மாவுடன் ‘பாக்கமன்’ ஆடுவார். நம்மவர் தாயம் உருட்டுவது போலக் கவறு உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டம் அது. இரவுக்கு இரண்டு ஆட்டம். அதற்குக் கணக்கும் உண்டு. 1876ஆம் ஆண்டு தைத் திங்களில், அமெரிக்கத் தாவரவியல் அறிஞர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், எம்மா வென்றவை 2,490 என்றும், தாம் வென்றவை 2,795 என்றும் சிறுபிள்ளை போலக் களிப்புடன் அறிவித்தார்.

டார்வின் செல்வம் உடையவர்; விலையுயர்ந்த கேளிக்கைகளை நாடுவதற்கு அவருக்குப் பொருள் இல்லாமலில்லை. ஆயினும் நாள்தோறும் அவருக்குத் துணைநின்றவை ஒரு பாதை, ஒரு பலகை, ஒரு கதைப்புத்தகம் ஆகியனவே. 1858ஆம் ஆண்டு சித்திரையில், பெருநூல் வேலையின் நடுவே, மூர் பார்க் என்னுமிடத்திற்கு நீர்ச் சிகிச்சை பெறச் சென்றிருந்தார். அங்கே புல்வெளியில் உறங்கி, பறவைகளின் பாடலால் விழித்து, அணில்கள் மரமேறுவதைக் கண்டதாக எம்மாவுக்கு எழுதினார். அப்பறவையும் விலங்கும் எவ்வாறு தோன்றின என்பது பற்றி அந்நேரம் தமக்குச் சிறிதும் கவலை எழவில்லை என்றும் குறிப்பிட்டார். அவ்வினாவுக்கு விடை காண்பதற்கே வாழ்நாளை ஒப்படைத்தவரின் கூற்று இது! பணியை மறந்த அந்த ஒன்றரை மணி நேரத்தாற் பணி கெட்டுவிடவில்லை. அடுத்த ஆண்டு, 1859 நவம்பர் 24ஆம் நாள், ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தது.

எனினும் இவ்வரலாற்றுக்கு மறுபுறமும் உண்டு. ஆட்டக் கணக்கை நண்பருக்கு அறிவித்த அதே 1876ஆம் ஆண்டில் டார்வின் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். முப்பது வயதுவரையும் அதற்குச் சற்றுப் பின்னரும் கவிதை தமக்குப் பேரின்பம் அளித்ததென்றும், முதுமையில் ஒரு வரியைத்தானும் படிக்க இயலவில்லையென்றும் அதிற் கூறுகின்றார். உண்மைகளை அரைத்துப் பொதுவிதிகளைப் பிழிந்தெடுக்கும் இயந்திரம்போற் தம் மனம் ஆகிவிட்டதென வருந்துகின்றார். மீண்டும் வாழ நேரின், வாரம் ஒருமுறையேனும் கவிதை படிக்கவும் இசை கேட்கவும் விதி வகுத்துக்கொள்வேன் என்பது அவர் முடிவு. இத்தகைய சுவைகளை இழப்பது மகிழ்ச்சியையே இழப்பதாகும் என்றும் அவர் எழுதினார்.

பாக்கமன் ஆட்டத்துக்கு இரவுதோறும் நேரம் இருந்தது. அந்த இன்பம் முதுமையிலும் குன்றவில்லை. கவிதைக்கு அவ்வாறு நேரம் குறிக்கப்படவில்லை. அந்த இன்பம் வற்றிப்போயிற்று. உழைத்து முடித்தபின் எடுத்துக்கொள்ளலாமென ஒதுக்கிவைக்கும் மகிழ்ச்சி பெட்டியில் வைத்த பொன்னன்று. நீர் வார்க்காத செடி. முடித்தவன் திரும்பி வரும்போது அது அங்கே இல்லாமற் போகலாம்.

ஆதலின், கதையோ ஆய்வுரையோ எழுதிக்கொண்டிருக்கும் நேயர்கள் எழுதும் நேரத்தைக் குறிக்கும் அதே தாளில் விளையாடும் நேரத்தையும் குறித்துக்கொள்வது நன்று. மாலையிற் கடற்கரையில் ஒரு நடை, வீட்டாரோடு இரண்டு ஆட்டம் தாயம், நூல்நிலையத்திலிருந்து ஒரு கவிதை நூல்: இவற்றுக்குச் செலவாகும் பொருள் மிகச் சிறிது. நூல் ஒரு நாள் பின்னர் முடியலாம். முடிக்கும் நாளில் அதை எண்ணி மகிழும் உள்ளம் எஞ்சியிருக்கும்.